தட்டுக்கும் வாய்க்கும் நடுவே ஆறு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவீன இந்திய உணவு என்ற பெயரில் ஒன்பது, பதினோரு பதார்த்தங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்கும் உயர்ரக உணவகங்களுக்கு முதன்முறை போய்வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா..." என்றுதான் பேச்சு தொடங்கும். ரசம் பிரமாதம், ஆட்டுக்கறியில் பச்சை வாடை. தயிர் உருண்டை வாயில் உடைந்தது அருமை, அடியில் இருந்த பாப்டி என்ற மொறுமொறு வட்டு நமுத்துக் கிடந்தது. கடைசியில் வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். இதைக் கேட்டதும் 'அதெல்லாம் வெறும் ஜோடனை' என்பார் ஒரு சாரார். 'அனுபவிக்கத் தெரியவில்லை' என்பார் இன்னொரு சாரார். ஓட்டல் அடுப்படியிலும் பரிமாறும் பக்கத்திலும் வேலை செய்யும் எங்களுக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. ஒரே சமையலறை ஒரே மாலையில் ஒன்றை உச்சத்திலும் இன்னொன்றை மட்டமாகவும் அனுப்பினால், கோளாறு கைப்பக்குவத்தில் இருப்பதைவிடக் கடிகாரத்தில் இருப்பதுதான் அதிகம்.

நம் பலகாரங்களுக்கு ஆயுசு குறைவு. நெய் ரோஸ்ட் கல்லை விட்டு இறங்கி நாலைந்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். தந்தூரில் சுட்ட நான் அதற்கும் முன்னால் பல்லோடு மல்லுக்கு நிற்கும். தாளிப்பைக் கொட்டும்போது எழும் வாசனை அந்த நேரத்தில் மூக்குக்குப் போனால் உண்டு, இல்லையேல் இல்லை. இலைச் சாப்பாட்டில் இந்தக் குறை வெளியே தெரியாது. நடுவில் ஆவி பறக்கும் சோறு இருக்கிறது. ஆறிப்போன கூட்டும் பொரியலும் அதோடு பிசையும்போது சூடேறிவிடும். அதே அவியலில் நாற்பது கிராம் எடுத்து, சில்லென்ற பீங்கான் தட்டின் ஓரத்தில் வைத்து, ஏசி ஓடும் கூடத்துக்கு அனுப்பினால் அதைக் காப்பாற்ற ஆளில்லை. அளவு சிறுத்தால் சூடு ஓடிவிடும். குண்டான் சாம்பார் ஒரு மணி நேரம் கழித்தும் சுடும்; கரண்டி சாம்பார் மூன்று நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடும். அதனால்தான் சூடான பதார்த்தத்துக்கான தட்டை 55, 60 டிகிரிக்குச் சூடாக்கி எடுக்க வேண்டும் என்பது பாடம். உங்கள் முன் வைத்த தட்டை விரலால் தொட்டுப்பாருங்கள். தொட்டால் குளிர்கிறது என்றால் அங்கே தட்டு சூடாக்கும் அலமாரி இல்லை, அல்லது இருந்தும் யாரும் சுவிட்சைப் போடவில்லை. கருங்கல் பலகையும் மரத்துண்டும் படத்துக்கு அழகு. ஆனால் அலமாரியில் அடுக்கிச் சூடாக்க வசதிப்படாதவை. பெரும்பாலும் குளிர்ந்தபடியேதான் வரும்.

ஒரு பதார்த்தத்தின் பயணத்தை எண்ணிப் பார்த்தால் விஷயம் புரியும். ஆறு பேர் மேசை, தயிர் உருண்டை வைத்த பாப்டி. பொரித்த பாப்டியை எண்ணெய் வடியவைத்து, தட்டில் புள்ளியாகச் சட்னி, அதன்மேல் பாப்டி, உருண்டை, ஓமப்பொடி, மாதுளை முத்து இரண்டு, இடுக்கியால் எடுத்து வைக்கும் துளிர் ஒன்று. தட்டுக்கு நாற்பது வினாடி என்றால் ஆறுக்கும் நாலு நிமிடம். தட்டுகள் காத்திருக்கும் மேடைக்குச் சமையலறையில் 'பாஸ்' என்று பெயர். அங்கே மூன்று ஸ்டூவர்டுகள் (பரிமாறுபவர்கள்) சேர்ந்தால்தான் ஆறு தட்டும் ஒன்றாகக் கிளம்பும். நடந்து வந்து வைக்க முக்கால் நிமிடம். பிறகு பரிமாறுபவர்களின் தலைவரான கேப்டன் பதார்த்தத்தின் வரலாற்றைச் சொல்ல முக்கால் நிமிடம். செல்போன் படம் அரை நிமிடம். முதலில் ஈரம் பட்ட பாப்டி ஆறு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. அது நமுக்காமல் என்ன செய்யும்? மேசையில் ஒருவர் கைகழுவப் போயிருந்தால் இன்னும் மோசம்.

விவரமான செஃப் இதற்கு இரண்டு வழி வைத்திருப்பார். ஒன்று, பாப்டியின் மேல்பக்கம் உருகிய நெய்யை மெல்லத் தடவி இறுகவிடுவது. ஈரம் இறங்கத் தாமதமாகும். இன்னொன்று, ஈரமான எல்லாவற்றையும் மேசைக்கு வந்த பிறகு ஊற்றுவது. சின்னக் கெண்டியோடு ஸ்டூவர்டு வந்து சாஸ் ஊற்றுவதைப் பலரும் நாடகம் என்று நினைக்கிறார்கள். பாதி நாடகம்தான்; மீதிப் பாதி மொறுமொறுப்பைக் காப்பாற்றும் வேலை.

தயிர் உருண்டையையே எடுத்துக்கொள்வோம். திரவத்தை மெல்லிய தோலுக்குள் அடைக்கும் இந்த வித்தையை ஸ்பெயினின் எல் புல்லி உணவகம் 2003 முதல் பரப்பியது. 2010-ல் பாங்காக்கில் தொடங்கிய ககன் உணவகம் அதில் தயிரை வைத்துப் பேர் வாங்கியது. முறை எளிது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சோடியம் ஆல்ஜினேட் என்ற கடற்பாசிப் பொடியை மிக்சியில் அடித்து, காற்றுக்குமிழ் போக ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். தயிரில் இயல்பாகவே கால்சியம் உண்டு. அரைவட்டக் கரண்டியால் அதை அந்தத் தண்ணீரில் இறக்கினால் கால்சியமும் ஆல்ஜினேட்டும் சேர்ந்து வெளிப்புறம் தோல் பிடிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் துளைக்கரண்டியால் எடுத்து நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். சிக்கல் எங்கே வருகிறது? போர்வெல் தண்ணீரில். அதிலேயே கால்சியம் இருப்பதால் ஆல்ஜினேட் கரையாமல் திரிதிரியாக நிற்கும். ஆர்ஓ தண்ணீர்தான் சரிப்படும். அடுத்தது, கூட்டநேரத்தில் ஆறு நிமிடம் ஊறிப்போன உருண்டை. தோல் தடித்து, பட்டென்று உடைய வேண்டியது ஜவ்வு மிட்டாய் போல இழுபடும். புளித்தண்ணீரையோ நெல்லிக்காய்ச் சாற்றையோ குட்டி முத்துகளாக்கும்போது வேறொரு வம்பு. அங்கே ஆல்ஜினேட்டைச் சாற்றிலேயே கலக்க வேண்டும். புளிப்பு மிகுந்தால் அது கெட்டிதட்டிப்போகும். அதைத் தடுக்கச் சோடியம் சிட்ரேட் சேர்ப்பார்கள். புளிப்பு மட்டுப்படும். 'பானிபூரி முத்து பார்க்க ஜோர், சுரீரென்று இல்லையே' என்று சொல்பவரின் நாக்கில் குறையில்லை.

இனி அந்த ஆட்டுக்கறி. அதிகம் அடிபடுவது இதுதான், அதிகம் தவறுவதும் இதுதான். காற்று நீக்கிய பையில் கறியை அடைத்து, 70 டிகிரி வெந்நீரில் சுமார் 24 மணி நேரம் வைத்தால் தொடைக்கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வரும். சூ-வீட் என்ற இந்த முறையில் பதம் தப்பவே தப்பாது. ஆனால் மசாலா? நம் ஊரில் 'எண்ணெய் பிரியும்வரை வதக்கு' என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. வெங்காயத்தின் நீர் வற்றிய பிறகுதான் எண்ணெயின் சூடு 130, 140 டிகிரிக்கு ஏறும். அங்கேதான் மல்லித்தூளின் பச்சை வாடை போய் வறுத்த மணம் வரும். பைக்குள் தண்ணீர் வற்ற வழியில்லை, சூடு 70-ஐத் தாண்டாது. வெங்காயமும் பூண்டும் இளகவே 85 டிகிரியாவது வேண்டும். ஆக, பச்சைப் பூண்டு விழுதோடு பையில் போட்ட கறி ஒரு நாள் முழுக்க வெந்த பிறகும் பூண்டு பச்சையாகவே மணக்கும். கறி பஞ்சு, குழம்பு பச்சை.

சரியாகச் செய்பவர்கள் பைக்குள் கறி, உப்பு, கொஞ்சம் நல்லெண்ணெய், பட்டை, கிராம்பு போல முழு மசாலா மட்டும் போடுவார்கள். அரைத்த மசாலா தனிச் சட்டியில் எண்ணெய் பிரிய வதங்கும். பையில் ஊறிய சாற்றைக் கொதிக்கவைத்து, திரளும் கசடை வடித்து, பாதியாகச் சுண்டவைத்து அதில் சேர்ப்பார்கள். கடைசியாகக் கறியை இரும்பு வாணலியில் பெருந்தீயில் இரண்டு மூன்று நிமிடம் பிரட்டி, வெளிப்புறம் சிவக்கவிடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பத்து மேசை ஒன்றாகக் கேட்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தக் கடைசி மூன்று நிமிடம்தான். பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி, எண்ணெயிலும் சின்ன வெங்காயத்தின் சொந்த நீரிலும் வற்றவற்றப் பிரட்டும் பதார்த்தத்தைப் பையில் போட்டு எடுப்பது வீண் வேலை. அதன் ருசியே வற்றுவதில் இருக்கிறது.

ரசம் மட்டும் எல்லா இடத்திலும் பேர் வாங்குவதற்கும் காரணம் உண்டு. தக்காளி ரசத்தைக் கண்ணாடி போலத் தெளியவைக்க, ஒரு லிட்டருக்கு 2 கிராம் அகர் (ஜெல்லியாக்கும் கடற்பாசிப் பொடி) போதும். கால் பங்கு ரசத்தில் அகரைக் கொதிக்கவிட்டுக் கரைத்து, வெதுவெதுப்பான மீதி ரசத்தோடு கலக்க வேண்டும் (ரசம் சில்லென்று இருந்தால் கலந்த கையோடு கட்டிதட்டிவிடும்). ஐஸ் மேல் வைத்தால் இளகிய ஜெல்லியாக நிற்கும். கரண்டியால் லேசாகக் கலைத்து மல்துணியில் கொட்டி, தானாகச் சொட்டவிட வேண்டும். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் கலங்கிவிடும், அவ்வளவுதான். பருப்புக் கெட்டியும் தக்காளிச் சதையும் போய்விடும். புளிப்பும் உப்பும் நிற்கும். போன வாசனையைத் திரும்பக் கொண்டுவர, காபி வடிக்கும் கண்ணாடி பிரஸ்ஸில் கறிவேப்பிலை, கொத்தமல்லி, நசுக்கிய மிளகு சீரகம் போட்டு, சூடான ரசத்தை மேசையில் ஊற்றி மூன்று நிமிடம் ஊறவிட்டு அழுத்துவார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் கைப்பு இறங்கும். கவனியுங்கள்: இதில் நமுக்க எதுவுமில்லை, வாசனை உங்கள் கண்முன்னே பிறக்கிறது, காத்திருக்கும் நேரமே பக்குவமாகிவிடுகிறது. பாப்டிக்குப் பகையான கடிகாரம் ரசத்துக்கு உறவு.

நுரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுரை நிற்பதற்காக லெசித்தின் என்ற பொடி போட்டு அடித்த நுரை சில நிமிடத்தில் தட்டில் எச்சில் போலப் படிந்துவிடும். உடனே சாப்பிடாவிட்டால் விட்டுவிடுவதே மேல்.

தட்டில் கிளப்பும் குளிர்ப்புகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, உலர் பனிக்கட்டி மைனஸ் 78. 2017-ல் குருகிராமில் நைட்ரஜன் அடங்குமுன் பானத்தைக் குடித்த ஒருவருக்கு இரைப்பையில் துளை விழுந்தது. 2024-ல் கர்நாடகத்தில் திரவ நைட்ரஜனில் நனைத்த புகை பிஸ்கட் தின்ற சிறுவன் துடித்த காட்சி பரவிய பிறகு, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையும் திரவ நைட்ரஜனை நேரடியாக உண்ணும்படி கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தது. புகை கிண்ணத்தைச் சுற்றி வந்தால் வேடிக்கை பார்க்கலாம். வாயில் போடும் பொருளிலிருந்தே கிளம்பினால், குழந்தை கையில் கொடுக்கவே கூடாது.

நவீன இந்திய உணவு வந்த வேகத்தில் போய்விடும் மோஸ்தர் என்றும் எங்களுக்குத் தோன்றவில்லை. லண்டனில் இந்திய உணவகங்கள் முதன்முதலில் மிஷெலின் நட்சத்திரம் (உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷெலின் வழிகாட்டி தருவது) வாங்கியது 2001-ல். டெல்லியில் இந்தியன் ஆக்சென்ட் 2009-லும், சென்னை ஐடிசி கிராண்ட் சோழாவில் அவர்த்தனா 2017-லும் வந்தன. நியூயார்க்கில் 2021-ல் திறந்த 'செம்மா'வின் செஃப் விஜய் குமார் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துக்காரர். அந்த உணவகத்துக்கு 2022-ல் மிஷெலின் நட்சத்திரமும், அவருக்கு 2025-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்ட் சமையல் விருதும் கிடைத்தன. அங்கே பேசப்படும் பதார்த்தங்களில் ஒன்று நத்தைப் பிரட்டல். பிரட்டல் ஏன் ஜெயிக்கிறது என்று சமையல்காரரைக் கேட்டால் சட்டென்று சொல்வார்: மசாலா கறியோடு ஒட்டிக்கொண்டு சூட்டைப் பிடித்துவைக்கும், பத்து நிமிடம் கழித்தும் அதே ருசி. ஆயுசு நீளமான பதார்த்தத்தைத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

பட்டியல் போடுவதில் நடக்கும் தவறு இன்னொன்று. இனிப்புப் புளிச் சட்னி, தயிர், ஓமப்பொடி என்ற சாட் ருசியே பெயரை மாற்றிக்கொண்டு முதல் நான்கு தட்டுக்குள் மூன்று முறை வந்துவிடும். நாக்கு அலுத்த பிறகு எது வந்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உப்புக் கணக்கும் இடிக்கிறது. வத்தக்குழம்பில் உப்பும் புளியும் தூக்கலாக இருப்பது, சோற்றில் இரண்டும் இல்லை என்பதால்தான். அதையே சுண்டவைத்து மீன் துண்டுக்கு அடியில் சாஸாகத் தடவினால் கரிக்கத்தான் செய்யும். ராத்திரி முழுக்கத் தாகம் எடுப்பதன் காரணம் இதுவே.

வயிறு நிறையாததற்குக் கணக்கு எளிது. தட்டுக்கு 40 முதல் 60 கிராம். ஒன்பது தட்டும் சேர்ந்தால் 360 முதல் 540 கிராம். மதியச் சாப்பாட்டில் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சோறு மட்டுமே அந்த எடையில் பெரும்பங்கு வந்துவிடும். பசியோடு போகிறவர் டேஸ்டிங் மெனு என்ற இந்தச் சிறு தட்டு வரிசையை விட்டு, தனித்தனியாக ஆர்டர் செய்வதே நல்லது. சைவக்காரர்களுக்கு நாங்கள் சொல்வது: பல இடங்களில் சைவ வரிசை தனியாக யோசித்ததல்ல, கறி இருந்த இடத்தில் பன்னீரோ காளானோ வைத்ததுதான். முன்பதிவின்போதே இரண்டு வரிசையையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்துக்கு மேல் ஒரே பெயரில் இருந்தால் தெரிந்துவிடும். முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் முந்தின நாளே சொல்ல வேண்டும். வெள்ளைக் குழம்புகளில் பெரும்பாலும் முந்திரி விழுதுதான் அடிப்படை. மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அடிச்சாறு ஏற்கனவே தயாராகியிருக்கும், மாற்ற வழி இருக்காது.

பில். உதாரணக் கணக்கு ஒன்று. ஒருவருக்கு 3,500 ரூபாய் மெனு, இருவருக்கு 7,000. தண்ணீர் பாட்டில் இரண்டு 700. பானம் இரண்டு 900. மொத்தம் 8,600. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் என்றால் 860, ஆக 9,460. தனியாக இயங்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம், 473 ரூபாய். கட்ட வேண்டியது 9,933. அறை வாடகை நாளுக்கு 7,500-க்கு மேல் வாங்கும் ஓட்டலுக்குள் அந்த உணவகம் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். 1,702 ரூபாய் 80 காசு சேர்ந்து 11,162 ரூபாய் 80 காசு. 3,500 என்று நினைத்துப் போனவர் ஆளுக்கு 5,581 கட்டிவிட்டு வெளியே வருகிறார். இதில் சர்வீஸ் சார்ஜ் வரி அல்ல, அரசுக்குப் போவதும் அல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எடுத்ததும் அதன் மேல் போட்ட ஜிஎஸ்டியும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதை மட்டும் தடுக்க முடியாது. உட்காரவைத்துப் பரிமாறும் ஓட்டல்களுக்கு 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அதை அனுமதித்துவிட்டது. உட்கார்ந்ததும் "சாதாரண ஃபில்டர் தண்ணீர்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். பாட்டில் மூடியைத் திருகிய பிறகு பேசிப் பயனில்லை.

முதன்முறை போகிறவர்கள் ஏழரை மணிக்கு மேசை கேளுங்கள். தந்தூர் நன்றாகச் சூடேறியிருக்கும், பாஸில் நெரிசல் இருக்காது; தட்டுக்கும் தட்டுக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்றாலும் பத்து மணிக்குள் முடிந்துவிடும். எட்டுப் பேராகப் போவதைவிட இருவரோ நால்வரோ போனால் எல்லாத் தட்டும் சூடாக வரும். ஏசி காற்று நேராக விழும் நாற்காலி வேண்டாம். பொரித்ததும் ரொட்டியும் வந்தால் முதலில் வாய்க்கு, பிறகு விளக்கத்துக்கு; கேப்டன் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏதாவது ஆறியிருந்தாலோ பச்சை வாடை அடித்தாலோ பாதித் தட்டு மிச்சம் இருக்கும்போதே, "இந்தக் கறி இன்னும் வதங்கணும்" என்று அவரிடம் சொல்லுங்கள். பாஸில் நிற்கும் செஃப் தட்டைத் திரும்ப வாங்கி, விடுபட்ட அந்த மூன்று நிமிடத்தை வாணலிக்குக் கொடுத்து அனுப்புவார். சாப்பிட்டு முடித்து, பில் கட்டி, வீட்டுக்குப் போய்ச் செல்போனில் நட்சத்திரத்தைக் குறைத்தால் அந்தச் செய்தி சமையலறைக்கு வந்துசேர வாரக்கணக்காகும். அன்று எந்த மேசைக்கு எது தவறியது என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

இப்படிக்கு,
ஓட்டல் சமையலறை, பரிமாறும் பணியாளர்கள் சிலர்
சென்னை